அரசுப் பள்ளியில் ஒரு சிக் ரூம்: கட்டில் வாங்கினால் போதுமா?

வாசல்கோலம் (செவ்வாய், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். மகள் படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் இந்த முறை நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. 6 முதல் 12 வரை, 700 பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட. எங்கள் பள்ளியில் பத்தாவது முடித்துப்போன ஒரு செட் ஒன்றுகூடி, "60,000 ரூபாய் தருகிறோம், பிள்ளைகள் உடம்புக்கு ஏதாவது செய்யுங்கள்" என்கிறார்கள்.

ஸ்டாஃப் ரூமை ஒட்டி ஓர் அறை உண்டு. கதவில் 'நோயாளர் அறை' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். போன வாரம் சாவி வாங்கித் திறந்தேன். கால் உடைந்த பெஞ்ச் மூன்று, ஆண்டு விழாத் தோரணம், பழைய புத்தகக் கட்டுகள், ஒரு எலிப்பொறி. முதலுதவிப் பெட்டிக்குள் காய்ந்துபோன டிஞ்சர் பாட்டிலும் கத்தரிக்கோலும்தான் மிச்சம்.

போன மாதம் பிரேயரில் எட்டாவது படிக்கும் பெண் ஒன்று மயங்கி விழுந்தது. ஹெச்.எம். அறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்கவைத்து, வருகைப் பதிவேட்டால் விசிறினார்கள். அம்மா நூறு நாள் வேலையில் இருந்தார். வந்து சேர முக்கால் மணி நேரம். அதுவரை அந்தப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

என்ன வாங்கலாம்? மாத்திரை வைக்கலாமா? நர்ஸ் ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறார் கந்தசாமி (செவ்வாய், இரவு 10.05)

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம்? இரண்டு கிலோமீட்டர் இருக்குமா? அங்கே டாக்டர், மருந்து, லேப் எல்லாம் நம் வரிப்பணத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் குழுவும் பள்ளிக்கு வருகிறது. அந்த 60,000-ஐ வைத்துப் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வர வழி செய்யுங்கள். அதுதான் முதல் மருத்துவம். சிக் ரூம் என்று ஒன்று திறந்தால் கணக்கு பீரியடில் பாதி வகுப்பு அங்கேதான் படுத்திருக்கும்.

மாத்திரை டப்பா (செவ்வாய், இரவு 11.20)

கந்தசாமி சார் சொன்ன அந்த 'டாக்டர் குழு' வண்டியில் போகிறவன் நான். மருந்தாளுநர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது தேசியக் குழந்தைகள் சுகாதாரத் திட்டம். இந்திப் பெயர் வாயில் நுழையாது, ஆர்.பி.எஸ்.கே. என்றால் போதும். 2013-ல் ஆரம்பித்தது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறோம். பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்று நான்கு தலைப்பில் 30 வகைக் கோளாறுகள் எங்கள் பட்டியலில் உண்டு. அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர். உயரம், எடை, கண், பல், காது, தோல், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப். ஒரு நாளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் பார்க்கிற நாளும் உண்டு. அப்படியென்றால் ஒரு பிள்ளைக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கண்டுபிடிப்பதில் நாங்கள் அவ்வளவு மோசமில்லை. அதற்குப் பிறகுதான் ஓட்டை. சந்தேகம் என்றால் சீட்டு எழுதித் தருவோம். மாவட்டத் தலைநகர் பெரியாஸ்பத்திரியில் இந்தக் கோளாறுகளைக் கவனிக்கிற இடையீட்டு மையத்துக்குப் போகச் சொல்வோம். சீட்டு பையனின் சட்டைப் பைக்குப் போகும், அங்கிருந்து துவைக்கிற கல்லுக்குப் போகும்.

ஒன்று சொல்கிறேன். ஆறாவது படிக்கிற பையன். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இன்னொருமுறை கேட்டுவிட்டு, எக்கோ, அதாவது இருதய ஸ்கேன், எடுக்கச் சொல்லி எழுதினார். அடுத்த வருடம் அதே பள்ளி, அதே பையன், அதே சத்தம். சீட்டு எங்கே என்றால், வீட்டில் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கிறதாம்! வீட்டுக்கே போனோம். அவன் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஓடியாடிக்கிட்டு இருக்கிற பிள்ளையை எதுக்குங்கய்யா அறுக்கணும்?" அறுவை சிகிச்சைச் செலவு காப்பீட்டுத் திட்டத்தில் அவர்களுக்குப் பைசா இல்லாமல் முடிந்தது. உண்மையில் தடுத்தது பஸ் காசும், மூன்று நாள் கூலி போவதும், பெரியாஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் நிற்பது என்று தெரியாததும்தான். நாங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி முடியுமா?

ஆகவே அக்கா, கட்டில் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கார்பன் வைத்த ஒரு சீட்டுப் புத்தகம் வாங்குங்கள். நாங்கள் எழுதுவதன் நகல் பள்ளியில் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை அதைத் திறந்து, "இந்தப் பிள்ளை போனதா?" என்று கேட்க வேண்டும்.

பத்தாம் பி (புதன், காலை 6.15)

நான் அறிவியல் டீச்சர். ஸ்கூலுக்குக் கிளம்புவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கண் பரிசோதனை பற்றி மட்டும். 2009-ல் கண்ணொளி காப்போம் திட்டம் வந்ததிலிருந்து முதல் கட்டத்தை எங்களை வைத்தே செய்கிறார்கள். ஆறு மீட்டர் தூரத்தில் அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடி எழுத்தை வாசிக்கச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பறையில் ஆறு மீட்டர் நேராகக் கிடைக்காது, வராந்தாவில் சாக்பீஸால் கோடு போட்டு நிற்கவைப்போம். ஒரு வருடம் எல்லாப் பிள்ளைக்கும் பார்வை அருமை. எனக்கே சந்தேகம். வரிசையில் பின்னால் நிற்கிறவர்கள் முன்னால் வாசிக்கிறவர்களைக் கேட்டு, "ஈ... எஃப், பி... டி, ஓ, இசட்" என்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டார்கள்! அட்டையைத் திருப்பி வைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன், ஒருவன் அப்போதும் சரியாக வாசித்தான். இப்போதெல்லாம் பல திசையில் திரும்பிய 'ஈ' அட்டைதான். விரலைத் திருப்பிக் காட்டச் சொல்வேன். அதை மனப்பாடம் செய்வது கஷ்டம்.

இலவசக் கண்ணாடி வரும். வந்த கண்ணாடி பைக்குள்ளேயே கிடக்கும். 'சோடாபுட்டி' என்ற ஒரு வார்த்தை போதும், அரசாங்கத் திட்டம் அங்கே காலி. நான் செய்தது, என் கண்ணாடியையும் கழற்றாமல் அந்தப் பிள்ளைகளை இரண்டாம் பெஞ்சில் சேர்த்து உட்காரவைத்து, "நாம ஒரு கட்சி" என்றேன். பாதிப் பேர் போட்டார்கள்.

இரும்புச்சத்து நீல மாத்திரை பற்றி மாலையில் எழுதுகிறேன்.

லாஸ்ட் பெஞ்ச் (புதன், காலை 10.50)

கந்தசாமி சாருக்கு. நான் பன்னிரண்டு முடித்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் பள்ளியில் நாப்கின் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அது ஹெச்.எம். பீரோவில் இருந்தது. பீரோ சாவி பி.டி. சாரிடம் இருந்தது. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வலியில் சுருண்டு படுக்க ஓர் இடம் கேட்டால் 'கணக்கு பீரியடுக்குப் பயந்து' என்பார்கள். எனக்குக் கணக்கு பிடிக்கும் சார். 100-க்கு... சரி, அது எதற்கு இப்போது.

கறார் கந்தசாமி (புதன், மதியம் 1.10)

@லாஸ்ட் பெஞ்ச் தங்கச்சி, அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தண்ணீர் பற்றிச் சொன்னதை வாங்கமாட்டேன்.

பழைய நர்ஸ் (புதன், மாலை 4.30)

கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். வயதானவள், நீளமாகத்தான் எழுதுவேன்.

பள்ளிப் பிள்ளைகளை டாக்டர் பார்ப்பது புதுசு இல்லை. நம் நாட்டில் முதன்முதலாக 1909-ல் பரோடாவில் செய்தார்கள் என்று பயிற்சியில் படித்தோம். நாட்டின் சுகாதாரத்தை ஆராய்ந்த ஜோசப் போர் (Bhore) என்பவரின் கமிட்டி 1946-ல் அறிக்கை தந்தபோது, பள்ளிச் சுகாதாரம் என்று சொல்லிக்கொள்ள நாட்டில் அநேகமாக ஒன்றுமே இல்லை என்று எழுதியது. நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்கள் ஜீப் பள்ளி கேட்டுக்குள் நுழைந்தாலே "ஊசிக்காரங்க வந்துட்டாங்க" என்று பின்சுவர் ஏறிக் குதிப்பார்கள். குதித்ததில் கால் சுளுக்கியவனுக்குக் கட்டுப் போட்டதும் நாங்கள்தான். இப்போது 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. முன்பு டெட்டனஸுக்கு மட்டும் இருந்தது, இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து. பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள்.

வாசல்கோலம் அம்மா கேட்டதற்கு வருகிறேன்.

மாத்திரை: வேண்டாம். டாக்டர் எழுதித் தராமல் ஆசிரியர் ஒரு மாத்திரை கொடுத்து, அந்தப் பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் யார் பதில் சொல்வது? பாராசிட்டமால்கூட எடைக்குத் தக்கபடிதான். ஆறாவது படிக்கும் 24 கிலோப் பிள்ளையும் பன்னிரண்டாவது படிக்கும் 60 கிலோப் பையனும் ஒன்றா? உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வையுங்கள், ஒரு பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கக் கூடாது. ஸ்டெரைல் காஸ், பிளாஸ்திரி, கிரேப் பேண்டேஜ், வெப்பமானி, நல்ல எடை மிஷின், சுவரில் உயர அளவு. காயத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவதைப் பழக்குங்கள். நாய் கடித்தால் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் கிடையாது.

வலிப்பு வந்தால்: கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். நான் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம் இது. இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை. வாயில் கரண்டி வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் துணி, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

மயங்கி விழுந்த பெண்ணுக்கு: காலைச் சற்று உயர்த்தி, காற்று விட்டு, நன்றாக விழித்த பிறகுதான் தண்ணீர். அப்புறம் ஒரு கேள்வி கேளுங்கள். "காலையில என்ன சாப்பிட்ட?"

பனங்கிழங்கு (புதன், இரவு 7.55)

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் பக்க நடைமுறையையும் சொல்லலாம் என்று நினைத்தேன்.

இங்கே பாடசாலை மருத்துவப் பரிசோதனை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொறுப்பு. 200-க்குக் குறைந்த பிள்ளைகள் உள்ள பாடசாலை என்றால் எல்லோரையும், அதைவிடப் பெரியது என்றால் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளையும் பார்ப்பார்கள். அதற்கு முன்னமே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிறை, உயரம், கண் எல்லாம் பார்த்து எழுதிவிடுவார். அவர்தான் பிறகும் வருவார், கிணற்றுக்குக் குளோரின் போடவும் சிற்றுண்டிச்சாலையைச் சோதிக்கவும். எந்தப் பிள்ளையை எங்கே அனுப்பினது என்று அந்த மனிசனுக்குத் தெரியும், பிள்ளையின் வீடும் தெரியும். மருந்தாளர் அண்ணா சொன்ன ஓட்டை எங்களிடமும் உண்டு, ஆனால் மோட்டார் சைக்கிளில் திரும்பி வருகிற ஒரு ஆள் இருப்பது பெரிய வித்தியாசம்.

பல்லுக்கு வேறு ஏற்பாடு. சில பெரிய பாடசாலைகளுக்கு உள்ளேயே பற்சிகிச்சை நிலையம் இருக்கும், பிள்ளைகளுக்கென்றே பயிற்றப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சையாளர் இருப்பார். வகுப்பு வகுப்பாகக் கூப்பிடுவார்கள். சூத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு அடுத்த பாடத்துக்கு வந்து இருக்கலாம். சின்னனில் எனக்கு அந்த மிஷின் சத்தம்தான் பேய்.

பத்தாம் பி (புதன், இரவு 9.30)

நீல மாத்திரை. வாரத்துக்கு ஒன்று, 100 மி.கி. இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். சின்ன வகுப்புக்கு ரோஸ் நிறம், அதில் 45 மி.கி. தேசியக் குடும்ப நல ஆய்வு 2019-21-ல் எடுத்தபோது தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. ஆகவே மாத்திரை தேவையா என்று கேட்க வேண்டாம், தேவை.

ஆனால் எப்படிக் கொடுக்கிறோம்? ஒரு வருடம், சோதனை நடக்கிறது என்பதற்காகக் காலை முதல் பீரியடிலேயே கொடுத்துவிட்டோம். வெறும் வயிறு. ஒரு பெண் வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பத்து நிமிடத்தில் வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வாசலில் பெற்றோர் கூட்டம், "காலாவதியான மாத்திரை" என்று வாட்ஸப்பில் ஒருவர், அப்புறம் ஆம்புலன்ஸ். எல்லோரும் அன்று மாலையே வீடு திரும்பினார்கள். அந்தப் பள்ளியில் அதற்குப் பிறகு ஆறு மாதம் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் கிடந்தது.

இப்போது சத்துணவு சாப்பிட்டு முடித்து, தட்டுக் கழுவும் வரிசையிலேயே கொடுக்கிறேன். நானும் அவர்கள் முன்னால் ஒன்று போட்டுக்கொள்கிறேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கூடவே டீ குடித்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, நெல்லிக்காய் தின்றால் நன்றாகச் சேரும் என்பதைப் பாடமாகவே நடத்திவிட்டேன். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளில் இந்தத் தொல்லை இல்லை, அந்த மாத்திரை இனிக்கும், மென்று தின்பார்கள்.

இன்சுலின் அம்மா (புதன், இரவு 11.45)

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். என் மகனுக்கு 9 வயதில் டைப் 1 சர்க்கரை. இனிப்பு தின்று வந்ததில்லை, பரம்பரையில் யாருக்கும் இல்லை, கேட்கப்போகிறவர்களுக்கு முன்பே சொல்லிவிட்டேன். அவனுக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். முதல் பள்ளியில் எங்கே போட்டான் தெரியுமா? கழிப்பறையில். நின்றுகொண்டு, டிபன் பாக்ஸை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு. வகுப்பில் போட்டால் மற்ற பிள்ளைகள் பயப்படுவார்களாம், அந்தப் பள்ளியில் சொன்னது.

இப்போது படிக்கும் பள்ளியில் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அங்கே இருப்பது ஒரு மேசை, நாற்காலி, கை கழுவக் குழாய், உபயோகித்த ஊசியைப் போடக் கெட்டியான மூடி போட்ட டப்பா. மண்பானையில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதற்குள் ஒரு சில்வர் டப்பாவில் இன்சுலின். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜை நம்ப முடியாது, பானையை நம்பலாம். சத்துணவு அக்காதான் தினமும் தண்ணீர் மாற்றுகிறார்.

ஒருநாள் பி.டி. பீரியடில் கை நடுங்கி, வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசினானாம். கூடப் படிக்கும் பையன் ஓடிப்போய் அந்த அறையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்து வந்து விரலில் குத்திப் பார்த்திருக்கிறான். சர்க்கரை 52, ரொம்பக் குறைவு. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவைத்து, 15 நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரும்பவும் பார்த்திருக்கிறான். எனக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நினைவு இல்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, நேராக 108 என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பையன்.

கந்தசாமி சார், ஆரம்ப சுகாதார நிலையம் எங்களுக்கும் இரண்டு கிலோமீட்டர்தான்.

கறார் கந்தசாமி (வியாழன், காலை 7.00)

படித்தேன் அம்மா. நேற்றுப் பேசியதை நினைத்து வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு நான் ஒரு குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் வாங்கித் தருகிறேன். எந்த வகை ஸ்ட்ரிப் தொடர்ந்து கடையில் கிடைக்கும் என்று சொல்லுங்கள். மிஷின் வாங்குவது எளிது, ஸ்ட்ரிப் தீர்ந்த பிறகுதான் எல்லாம் பரணுக்குப் போகும் என்று தெரியும்.

மாத்திரை டப்பா (வியாழன், காலை 8.20)

சார், ஸ்ட்ரிப்பில் தேதி பாருங்கள், டப்பாவைத் திறந்தபின் மூடியை இறுக்கி வையுங்கள். வகை பற்றித் தனிச் செய்தி அனுப்புகிறேன்.

நர்ஸ் சம்பளத்துக்கு: 60,000 எத்தனை மாதம் வரும் அக்கா? ஆள் வைத்துவிட்டு ஆறாம் மாதம் அனுப்புவது மோசம். பள்ளியிலேயே மனசுள்ள ஒரு டீச்சரைப் பிடியுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் முதலுதவிப் பயிற்சி தருவார்கள். பணத்தை நேராகக் கையில் வாங்காமல் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்கும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக வாங்கிவிடுங்கள். பின்னால் தணிக்கையில் தலைவலி இருக்காது.

வாசல்கோலம் (ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.15)

திரும்ப வந்து சொல்கிறேன் என்று சொல்லாமலே போய்விட்டேன், மன்னியுங்கள்.

அறையைக் காலி செய்தோம். எலிப்பொறியில் எலியும் இருந்தது. வெள்ளையடித்து, ஒரு கட்டில், திரைச்சீலை, எடை மிஷின், குழாய். கந்தசாமி சார் பேச்சையும் தட்டவில்லை, பெண்கள் கழிப்பறைக்கு மோட்டாரிலிருந்து தனி பைப் இழுத்துவிட்டோம், அதற்கே 22,000 போய்விட்டது. நாப்கின் இப்போது அந்த அறை அலமாரியில், பூட்டு இல்லாமல். முதல் வாரம் மொத்தமும் காலியானது, ஹெச்.எம். முறைத்தார். மூன்றாம் வாரத்திலிருந்து சரியாகிவிட்டது.

பொறுப்பு தையல் டீச்சருடையது. பழைய நர்ஸ் அம்மா சொன்ன கேள்வியை நோட்டில் ஒரு பத்தியாகவே போட்டுவிட்டோம்: பெயர், வகுப்பு, மணி, என்ன தொந்தரவு, காலையில் என்ன சாப்பிட்டாய். நேற்று அந்த நோட்டை எடுத்து உட்கார்ந்து படித்தேன். தலைவலி, வயிற்றுவலி, கண்ணைக் கட்டுது. வந்த நேரம் பாதிக்கு மேல் பத்தரையிலிருந்து பதினொன்றரைக்குள். கடைசிப் பத்தியில் 'இல்லை', 'இல்லை', 'டீ', 'இல்லை', 'டீ, பன்', 'இல்லை'. காலை உணவுத் திட்டம் ஐந்தாவதோடு நின்றுவிடுகிறது. ஆறாவது வந்த பிள்ளைக்குப் பசிக்காது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. மயங்கி விழுந்த அந்தப் பெண்ணின் பெயர் நோட்டில் நான்கு முறை இருக்கிறது, நான்கிலும் 'இல்லை'.

மிச்சம் 9,000 சொச்சம் இருக்கிறது. பழைய மாணவர்களிடம் மறுபடி பேசினேன், மாதாமாதம் ஏதாவது தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். சத்துணவு அக்கா காலையில் சுண்டல் அவிக்கச் சம்மதம், அடுப்புக்கும் நேரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும். யாராவது உங்கள் பள்ளியில் இப்படிச் செய்திருந்தால், 100 பிள்ளைக்கு எத்தனை கிலோ கொண்டைக்கடலை பிடிக்கும் என்று சொல்லுங்களேன்.

பழைய நர்ஸ் (ஞாயிறு, மாலை 6.40)

ஒரு பிள்ளைக்கு 30 கிராம் பச்சைக் கடலை என்று வை, 3 கிலோ. ராத்திரியே ஊறப்போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஊறப்போட்டுவிட்டு சனிக்கிழமை லீவு என்பதை மறந்துவிடாதே தாயி. அந்தப் பெண்ணை ரத்தம் பார்க்க அனுப்பினாயா?

வாசல்கோலம் (ஞாயிறு, இரவு 8.05)

அனுப்பினோம் அம்மா. ஹீமோகுளோபின் 8.4, ரத்தம் குறைவுதான். கார்பன் நகல் என் கையில் இருக்கிறது. புதன்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.